வீடற்றோரைக் காவலர் அணுகும் முறை: சென்னை இரவு ரோந்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைப் பாரிமுனையிலும் வால்டாக்ஸ் சாலையிலும் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கிய பிறகு நடைபாதைகள் வேறொரு குடியிருப்பாக மாறுவதை, அங்கே இரவு ரோந்து செல்லும் காவலர் ஒவ்வொருவரும் பார்த்திருப்பார். அதே பிளாட்பாரத்தில் தலைமுறைகளாக வாழ்ந்து, குடும்ப அட்டையும் வாக்காளர் அட்டையும் வைத்திருக்கும் குடும்பங்கள் ஒருபுறம் அடுப்பை அணைத்துக்கொண்டிருக்கும். பத்தடி தள்ளி, பகலில் மூட்டை தூக்கிவிட்டு வந்த தொழிலாளி படுத்திருப்பார். அவருக்கும் அப்பால், அன்று காலை ரயிலில் வந்து இறங்கி எந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்பதே விளங்காத ஒரு மூதாட்டி உட்கார்ந்திருக்கக்கூடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பிப்ரவரி 28 அன்று இரவு நாடெங்கும் வீடற்றோரைத் தனியாக எண்ணினார்கள், ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. இரவில் இவர்களைத் தேடிச்சென்று பார்க்கும் அரசு ஊழியர்களில் கணக்கெடுப்பாளர் பத்தாண்டுக்கு ஒருமுறை வருபவர். காவலரோ தினமும் வருபவர்.

காவலர் முதல் உதவி ஆய்வாளர் வரையிலானவர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதிலுள்ள எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்து: அந்த நடைபாதை அவருடைய வசிப்பிடம். அதற்குக் கதவும் பூட்டும் இல்லை என்பதால் தட்டாமல் நுழையும் உரிமை யாருக்கும் வந்துவிடுவதில்லை.

முதல் படி: ஏன் போகிறோம் என்பதைப் போகும் முன்பே முடிவு செய்தல்

ஒருவரை நெருங்குவதற்கு முன் காவலர் தனக்குத் தானே ஒரு காரணத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும். புகார் வந்திருக்கிறதா, குற்றம் ஏதேனும் நடந்திருக்கிறதா, அவருடைய உடலுக்கோ உயிருக்கோ ஆபத்து தெரிகிறதா, அல்லது பந்தோபஸ்துக்காக இடத்தைக் காலி செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு இருக்கிறதா? இந்த நான்கில் எதுவும் இல்லையென்றால், ஒரு வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்து போவதே முறை. சாலையோரத்தில் படுத்திருப்பது தன்னளவில் குற்றமாகாது.

பழைய வழக்கம் இதற்கு நேர்மாறானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109ஆவது பிரிவு, பிழைப்புக்கு வெளிப்படையான வழி இல்லாதவரையும் தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தர இயலாதவரையும் நன்னடத்தைப் பிணையம் கேட்டு நடுவர் முன் நிறுத்த இடம் தந்தது. 1973இல் புதிய சட்டம் வந்தபோது அந்தப் பகுதி நீக்கப்பட்டது. இன்று அதற்கும் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 128ஆவது பிரிவில் எஞ்சியிருப்பது, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைச் செய்யும் நோக்கத்துடன் தன்னை மறைத்துக்கொள்பவரைப் பற்றியது மட்டுமே. தெருவிளக்கின் கீழே எல்லோர் கண்ணிலும் படும்படி உறங்குபவர் எதை மறைத்துக்கொள்கிறார் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனாலும் மாதக் கணக்குக்காகச் சந்தேக வழக்குப் போடும் பழக்கம், சட்டம் மாறி அரை நூற்றாண்டு ஆன பின்னும் பேச்சிலிருந்து முழுதாக மறையவில்லை.

பிச்சை எடுப்பதைப் பொறுத்தவரை 1945ஆம் ஆண்டின் பிச்சைத் தடுப்புச் சட்டம் தமிழ்நாட்டின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. எனினும் டெல்லியில் நடைமுறையில் இருந்த இதே போன்ற சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் அரசியலமைப்புக்கு முரணானவை என்று நீக்கியது. பிச்சைக்காரர்களைத் தெருக்களிலிருந்து அகற்றக் கோரிய மனுவில் 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமும், மேட்டுக்குடிப் பார்வையோடு இதை அணுக முடியாது என்று சொன்னது. இந்தத் தீர்ப்புகள் தமிழ்நாட்டுச் சட்டத்தைத் தானாக ரத்து செய்துவிடவில்லை; ஆனால் எந்தத் திசையில் காற்று வீசுகிறது என்பதைக் காட்டுகின்றன. வீடற்றவர் எல்லோரும் பிச்சை எடுப்பவர்கள் அல்லர் என்பதையும் மறக்கக் கூடாது. பூக்கட்டுபவர், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுபவர், மீன்பாடி வண்டி ஓட்டுபவர், காகிதம் பொறுக்குபவர் என்று உழைத்துப் பிழைப்பவர்கள் அவர்களுள் ஏராளம்.

இரண்டாம் படி: எழுப்புதலும் விளித்தலும்

பெரும்பாலான சச்சரவுகள் முதல் அரை நிமிடத்தில் தீர்மானமாகிவிடுகின்றன. உறங்கிக்கொண்டிருப்பவரை லத்தியால் தட்டியோ காலால் நெருடியோ எழுப்பக் கூடாது. தெருவில் உறங்குபவர் முன்பு அடிபட்டும் கொள்ளையடிக்கப்பட்டும் பழகியவர். தொடுதலை உணர்ந்த கணத்தில் அவர் கை தற்காப்புக்காகத்தான் உயரும். அதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டால் ஒரு வழக்கு தேவையில்லாமல் பிறந்துவிடும். ஆகவே இரண்டு மூன்று அடி தள்ளி, தலைமாட்டில் நிற்காமல் கால்மாட்டுப் பக்கமாக நின்று, டார்ச் வெளிச்சத்தை முகத்தில் அடிக்காமல் தரையில் விட்டுக் குரலால் எழுப்ப வேண்டும். அவர் கண்விழித்து, உட்கார்ந்து, எதிரில் இருப்பது யார் என்று புரிந்துகொள்ளும் வரை கேள்வி எதையும் தொடங்கலாகாது. உடன் வந்த காவலர் சற்றுப் பின்னால் நிற்பது நல்லது. இருவரும் இருபுறமும் நின்று சூழ்ந்தால் அது விசாரணையாக அல்லாமல் மிரட்டலாகவே தெரியும்.

அடுத்தது விளிப்பு. ஒரே ஒரு சொல்லில் ஒருவரை நிமிர்த்தவும் குறுக்கவும் தமிழால் முடியும். 'எந்திரிடா' என்று தொடங்கிய உரையாடலைப் பிறகு எந்த நல்ல சொல்லாலும் சீர்செய்ய இயலாது. வயதுக்குத் தக்கபடி 'ஐயா', 'அம்மா', 'அண்ணே', 'தம்பி' என்று அழைத்து, நீங்கள் என்ற பன்மையிலேயே பேச வேண்டும். இருபத்தைந்து வயதுக் காவலர் எழுபது வயது முதியவரை ஒருமையில் அழைப்பதைத் தம் வீட்டுத் திண்ணையில் பொறுத்துக்கொள்ளாத நாம், பிளாட்பாரத்தில் மட்டும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். திருநங்கையரிடம் பேசும்போது அவர்கள் சொல்லும் பெயரையும் பாலினத்தையுமே பயன்படுத்த வேண்டும்.

பின்பு காவலர் தம் பெயரையும் காவல் நிலையத்தையும் வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். 'யாரு நீ, எந்த ஊரு, இங்க என்ன வேலை' என்ற மூன்று கேள்விகளும் அடுக்காக வந்தால் கேட்பவர் மனத்தில் குற்றப் பட்டியல் ஒன்று தயாராகிறது. 'சாப்பிட்டீங்களா, உடம்புக்கு எப்படி இருக்கு' என்று தொடங்கினால் வரும் பதிலே அவருடைய மன நிலையையும் மொழியையும் நினைவாற்றலையும் காட்டிக்கொடுத்துவிடும். இதை உபசாரம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். தகவல் பெறுவதற்கு இதைவிடக் குறுகிய வழி கிடையாது. முடிந்தால் குந்தி உட்கார்ந்து கண்மட்டத்தில் பேசுவது இன்னும் நல்லது.

மூன்றாம் படி: போதை என்று முடிவு கட்டும் முன் நோயைத் தேடுதல்

காவலர் செய்யக்கூடிய தவறுகளிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது, விழுந்து கிடப்பவரைக் 'குடிச்சிட்டுக் கிடக்கான்' என்று விட்டுவிட்டுப் போவதுதான். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாதவருக்கு ரத்தச் சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், நாக்குக் குழறும், தள்ளாடுவார், கோபப்படுவார். பார்ப்பதற்கு அப்படியே போதை போல இருக்கும். தலையில் அடிபட்டவரும், வலிப்பு வந்து ஓய்ந்தவரும், பக்கவாதம் தொடங்கியவரும், கத்திரி வெயிலில் வெப்பத்தாக்கு கண்டவரும் இதே தோற்றத்தையே தருவார்கள். சாராய வாடை அடித்தாலும் இவற்றில் ஒன்று கூடவே இருக்கலாம்.

எனவே அழைத்தும் பதில் தெளிவாக வராதவரைப் பொறுத்தவரை வரிசை இதுதான்: மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தலையிலும் காதிலும் ரத்தம் உள்ளதா என்று பார்க்க வேண்டும், அடிபட்ட அறிகுறி இல்லையென்றால், வாந்தி மூச்சுக்குழலில் இறங்காதபடி ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், 108ஐ அழைத்து, வண்டி வரும் வரை அங்கேயே நிற்க வேண்டும். முழு நினைவின்றி இருப்பவர் வாயில் தண்ணீரோ சர்க்கரையோ ஊட்டக் கூடாது. ஆம்புலன்ஸ் ஊழியர் விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவார்.

இதன் மறுபக்கமும் உண்டு. பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவரைப் பிடித்து வைத்தால், குடி நின்ற இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, இல்லாததைக் கண்டு பிதற்றுதல் ஆகியவை வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் அது மரணத்திலும் முடியலாம். காவலில் இருப்பவர் 'நடிக்கிறார்' என்று தோன்றும் நேரமே மருத்துவரை அழைக்க வேண்டிய நேரம்.

நான்காம் படி: மனநலம் பாதிக்கப்பட்டவர்

இந்தப் படியில் சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது. அதை அறிந்திருப்பவர்கள்தாம் குறைவு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, காவல் நிலையப் பொறுப்பு அலுவலருக்கு ஒரு கடமையைச் சுமத்துகிறது. நிலைய எல்லைக்குள் சுற்றித் திரிபவருக்கு மனநோய் இருப்பதாகவும் அவரால் தன்னைக் கவனித்துக்கொள்ள இயலவில்லை என்றும் நம்பக் காரணம் இருந்தால், அல்லது மனநோயின் காரணமாகத் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கிறார் என்றால், அவரைப் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். இது கைது ஆகாது. ஏன் அழைத்துச் செல்கிறோம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் அவரை மதிப்பீட்டுக்காகச் சேர்ப்பிக்க வேண்டும். எந்தச் சூழலிலும் அவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. அனுமதிக்கும் அளவுக்கு நோய் இல்லை என்று மருத்துவர் சொன்னால், வீடு உள்ளவரை வீட்டிலும், வீடற்றவரை அரசின் வீடற்றோர் காப்பகத்திலும் கொண்டுசேர்ப்பது அழைத்து வந்த காவலரின் பொறுப்பு. மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புவதோடு கடமை முடிவதில்லை.

இதே பிரிவின் இறுதியில் உள்ள விதி பலர் கண்ணில் படுவதில்லை: வீடற்ற மனநோயாளியைக் கண்டெடுத்தால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, குடும்பத்தைத் தேடித் தகவல் தெரிவிக்க வேண்டும். வேறொரு மாநிலத்தின் ஏதோ ஒரு காவல் நிலையத்தில் அவருடைய மகன் கொடுத்த புகார் தூங்கிக்கொண்டிருக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

அவரிடம் பேசும் விதத்துக்கும் சில நெறிகள் உள்ளன. ஒருவர் மட்டுமே பேச வேண்டும். கூட்டத்தை விலக்க வேண்டும். சைரனையும் சுழல்விளக்கையும் அணைத்துவிட வேண்டும். அவர் காதில் கேட்கும் குரல்களை இல்லை என்று வாதிடவும் வேண்டாம், ஆமாம் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். 'எனக்குக் கேக்கல, ஆனா உங்களுக்குப் பயமா இருக்குன்னு தெரியுது' என்று சொன்னால் போதும். பெண்ணாக இருந்தால் பெண் காவலர் உடன் இருக்க வேண்டும். கிழிந்த உடையோடு இருப்பவருக்கு முதலில் ஒரு போர்வையையோ நைட்டியையோ கொடுத்துவிட்டுப் பிறகு வண்டியைக் கூப்பிட வேண்டும். கயிற்றால் கட்டி வேனில் ஏற்றும் காட்சியைக் கைப்பேசியில் படம் பிடிப்பதும் பரப்புவதும் அறவே கூடாது.

சென்னையில் இதற்கு வாய்த்த வசதிகள் பல நகரங்களுக்கு இல்லை. கீழ்ப்பாக்கத்தில் 1794இல் தொடங்கிய மருத்துவமனையின் வழிவந்த மனநல மருத்துவ நிலையம் இருக்கிறது. வீடற்ற மனநலம் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக 1993இல் பிறந்த பேன்யன் அமைப்பு இருக்கிறது. மாநிலத்தின் வேறு பல மாவட்டங்களிலும் அரசு மருத்துவமனை சார்ந்த அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இயங்குகின்றன. சென்னைப் பெருநகரக் காவல்துறையே 2021இல் 'காவல் கரங்கள்' என்ற மீட்புத் திட்டத்தைத் தொடங்கியது. இவற்றின் எண்கள் ரோந்துக் காவலரின் கைப்பேசியில் இருக்க வேண்டும். நிலையத்தின் சுவரில் ஒட்டியிருந்தால் இரவு இரண்டு மணிக்கு அவை உதவாது.

குடும்பத்தைத் தேடும்போது 'உங்க அட்ரஸ் என்ன' என்ற கேள்வி பெரும்பாலும் பலன் தராது. ஊரில் ஓடும் ஆறு, பக்கத்து ரயில் நிலையம், திருவிழா நடக்கும் கோயில், வீட்டில் சமைப்பது, பள்ளிக்கூடம் இருந்த இடம் ஆகியவற்றைக் கேட்டால் நினைவு மெல்ல வழிவிடும். இந்தியோ தெலுங்கோ வங்காளமோ பேசுபவர் என்றால், அந்த மொழி பேசும் ஒரு தொழிலாளியையோ கடைக்காரரையோ அழைத்துவந்து பேச வைப்பது எளிது. ஆதார் பதிவு முகாம்களில் கைரேகை ஏற்கெனவே பதிவாகியிருப்பது தெரிந்து, அதன் வழியே குடும்பத்தை எட்டியவர்களும் உண்டு.

ஐந்தாம் படி: குழந்தைகள், பெண்கள், முதியோர்

தனியாக இருக்கும் குழந்தையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். ஆனால் பெற்றோரோடு நடைபாதையில் உறங்கும் குழந்தையின் கதை வேறு. வறுமையைக் காரணம் காட்டி அதைப் பிடுங்கிச் செல்வது மீட்பு ஆகாது. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வடநாட்டுத் தோற்றமுள்ள பெண்ணின் கையில் குழந்தை இருந்தால் கடத்தல் என்று கூட்டம் கூடிவிடும் காலம் இது. அங்கே காவலரின் முதல் வேலை அந்தப் பெண்ணைக் கூட்டத்திடமிருந்து காப்பது. விசாரணை அதற்குப் பிறகு.

பெற்ற பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியவர் என்று தெரிந்தால், 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவின்கீழ் அது தண்டனைக்குரிய குற்றம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முதியோருக்கு 14567, பெண்களுக்கு 181 ஆகிய உதவி எண்கள் உள்ளன. என்றாலும் பல முதியவர்கள் மகன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அந்த மௌனத்தை மதித்து, முதலில் இடமும் உணவும் ஏற்பாடு செய்துவிட்டு, நாலு நாள் கழித்துக் கேட்டால் சொல்லக்கூடும்.

ஆறாம் படி: இடத்தை விட்டு நகரச் சொல்லும்போது

பந்தோபஸ்துக்காகவோ புயல் எச்சரிக்கைக்காகவோ நகர்த்த வேண்டிய சூழல் வரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது உயிர் காக்கும் வேலை. ஆனால் எதற்காக நகர்த்தினாலும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், எங்கே போகலாம் என்பதைக் காட்ட வேண்டும், எப்போது திரும்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் பம்பாய் நடைபாதைவாசிகளைப் பற்றித் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாழ்வுரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. பூ விற்பவரை மூன்று கிலோமீட்டர் தள்ளிக் குடியமர்த்தினால் அவருடைய வியாபாரமும் அங்கேயே அற்றுவிடுகிறது.

மூட்டையைக் குப்பை லாரியில் ஏற்றுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கந்தலாகத் தெரியும் அந்த மூட்டைக்குள்தான் ஆதார் அட்டையும், மருத்துவச் சீட்டும், காசநோய் மாத்திரையும், இறந்துபோன மனைவியின் படமும் இருக்கும். அட்டை போனால் ரேஷன் போகும், முதியோர் உதவித்தொகை போகும். மாத்திரை போனால் பாதியில் நின்ற சிகிச்சை மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பும். ஆகவே பொருளை எடுத்தே ஆக வேண்டுமென்றால் அவர் முன்னிலையில் பட்டியல் எழுதி, ஒரு நகலைக் கையில் கொடுத்து, திரும்பப் பெறும் இடத்தைச் சொல்ல வேண்டும்.

நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்டத்தின்படி ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் காப்பகம் இருக்க வேண்டும். சென்னையில் மாநகராட்சியின் காப்பகங்களைப் பற்றி 1913 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம். காப்பகத்துக்கு வர மறுப்பவரைத் 'திமிர் பிடித்தவர்' என்று எண்ண வேண்டாம். ஆண்கள் ஓரிடம் பெண்கள் ஓரிடம் என்று குடும்பம் பிரியும், விடிகாலை மூன்று மணிக்குச் சந்தைக்குப் போக முடியாது, வண்டியை நிறுத்த இடமிருக்காது; அவர் மறுப்பில் கணக்கு இருக்கிறது. தெளிந்த மனத்தோடு மறுக்கும் வயது வந்தவரைத் தூக்கிச் செல்ல எந்தப் பிரிவும் அனுமதிப்பதில்லை.

ஏழாம் படி: வழக்கு என்று வந்துவிட்டால்

குற்றம் செய்திருந்தால் நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும்; ஆனால் முகவரி இல்லாமையே கைதுக்குக் காரணம் ஆகிவிடக் கூடாது. கைது செய்தால் அவர் குறிப்பிடும் ஒருவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவருக்கு உறவினர் இல்லையென்றால் டீக்கடைக்காரர் பெயரைச் சொல்வார், அவருக்கே சொல்ல வேண்டும். விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்த பின் உதிக்கும் முன் பெண்ணைக் கைது செய்யலாகாது என்ற விதி பிளாட்பாரத்துப் பெண்ணுக்கும் பொருந்தும். பிணையில் விடத்தக்க குற்றத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழையை அவருடைய சொந்தப் பிணைப்பத்திரத்திலேயே விடுவிக்க வேண்டும் என்று சன்ஹிதாவின் 478ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு வாரத்துக்குள் ஜாமீன் தர இயலாதவரை ஏழை என்றே கொள்ள வேண்டும் என்பதும் அதில் உண்டு. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

சாட்சியாக விசாரிக்க வேண்டியவர் பெண்ணாகவோ, அறுபது வயதைக் கடந்தவராகவோ, மாற்றுத்திறனாளியாகவோ இருந்தால், சன்ஹிதாவின் 179ஆவது பிரிவின்படி அவர் வசிக்கும் இடத்துக்குக் காவலர்தான் போக வேண்டும். நடைபாதையில் வசிப்பவருக்கு அந்த நடைபாதையே வசிக்கும் இடம் என்று வாசிப்பதே சரி என்பது என் கருத்து.

அவர்களே பாதிக்கப்பட்டவர்களாக வரும் நேரம்தான் நிலையத்தின் உண்மையான சோதனை. உறங்கும்போது கைப்பேசி திருடு போவதும், குடித்துவிட்டு வருபவர்கள் பெண்களிடம் அத்துமீறுவதும், கார் ஏறி இறங்குவதும் தெருவாழ்வின் அன்றாட ஆபத்துகள். புகார் மனுவில் முகவரிக் கட்டம் காலியாக இருக்கிறதே என்று திருப்பி அனுப்பக் கூடாது. 'இன்ன சாலை, இன்ன எண்ணுள்ள கடையின் எதிரே உள்ள நடைபாதை' என்று எழுதினால் அது போதுமான முகவரி. சம்பவம் வேறு நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்கீழ் பதிவு செய்யலாம். மனு ஏற்புச் சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தால் மழைக்கு நனையாது. ஐம்பது காசு செலவு அது.

எட்டாம் படி: எழுதி வைத்தலும் மறுநாள் போதலும்

ஒவ்வொரு தலையீட்டையும் பொதுநாட்குறிப்பில் எழுத வேண்டும்: எந்த நேரம், எந்த இடம், என்ன நிலையில் இருந்தார், யாரிடம் ஒப்படைக்கப்பட்டார், உடன் என்ன பொருள் இருந்தது. அடுத்த ஷிப்டுக்கு வருபவர் அதைப் படிக்காவிட்டால் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தவரை மறுபடியும் புதிதாகவே விசாரிப்பார். மறுநாள் இரவு அதே வழியாகப் போகும் காவலர் அவரைப் பெயர் சொல்லி அழைத்து, கட்டு மாற்றினார்களா, மாத்திரை கையில் இருக்கிறதா, வாங்கிய சீட்டு பத்திரமா என்று கேட்டு, அதையும் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த தெருவுக்குப் போகலாம்.